வேண்டாம் என்றேன்... ஸ்லீப்பர் வந்தது!

போன மாதம் ஒரு காலை வேளையில் என் கைபேசிக்கு இரண்டு ரயில் டிக்கெட்டுகள் வந்து சேர்ந்தன. அனுப்பியவர் சென்னையில் உள்ள ஓர் இலக்கிய மன்றத்தின் செயலாளர். ஒரே நாள், ஒரே ரயில், பாறசாலையில் ஏறிச் சென்னையில் இறங்க வேண்டும். இரண்டையும் எங்கள் பட்டிமன்ற அணியின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பார்க்கும்படி போட்டிருந்தார்.

முதல் டிக்கெட் பெனிட்டாவுக்கு. பி-2, தேர்ட் ஏசி, லோயர் பெர்த்.

இரண்டாவது எனக்கு. எஸ்-7, ஸ்லீப்பர் வகுப்பு... மிடில் பெர்த்.

பட்டிமன்ற மேடை ஏறி ஆறு ஆண்டுகளாகின்றன. எதிரணியின் எந்த வாதத்துக்கும் அரை நிமிடத்தில் மறுமொழி சொல்லப் பழகியவன் நான். அந்த மிடில் பெர்த்துக்கு மறுமொழி சொல்ல மட்டும் அரை நாள் ஆகியும் ஒரு சொல் எழவில்லை.

பெனிட்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தனுவச்சபுரத்துக்காரி. நான் கோயில் திருவிழா மேடைகளில் வளர்ந்தவன்; அவள் கிறிஸ்தவ சபை வாலிபர் கூட்டங்களில் வளர்ந்தவள். பள்ளிக் காலம் தொட்டு நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் எந்தப் பேச்சுப் போட்டி நடந்தாலும் முதல் பரிசும் இரண்டாம் பரிசும் எங்கள் இருவருக்குள்தான் மாறி மாறிப் போகும். யாருக்கு எத்தனை முதல் பரிசு என்ற கணக்கை நான் வைத்துக்கொள்வதில்லை. (அவளுக்கு இரண்டு அதிகம்.)

இம்முறை நாங்கள் ஒரே அணி. தலைப்பு: இன்றைய இளைஞரிடம் மிகுந்திருப்பது தன்னம்பிக்கையா, தற்பெருமையா? நாங்கள் தன்னம்பிக்கையின் பக்கம்.

ஆனால் அணித் தலைமை யாருக்கு என்பது முடிவாகவில்லை. "நேர்ல வாங்க, பேசிக்கலாம்" என்று செயலாளர் சொல்லியிருந்தார். அணித் தலைவர்தான் முதலில் பேசுவார். சுவரொட்டியில் அவர் பெயர்தான் பெரிய எழுத்தில் வரும். சென்னைக்குப் பிறகு இன்னும் ஐந்து ஊர்களில் இதே அணிகள் மேடையேறப்போகின்றன. அத்தனை ஊருக்கும் அதே தலைவர். அந்தப் பெரிய எழுத்து எனக்கு வேண்டியிருந்தது. மறைப்பானேன்? மிகவும் வேண்டியிருந்தது.

ஆகவே அந்த டிக்கெட்டுகளைப் பார்த்தவுடன் நான் எடுத்த முடிவு இதுதான்: ஏசி கொடுத்தவளுக்குத் தலைமையையும் கொடுத்துவிட்டார்கள்!

மதியம் பெனிட்டாவைக் கூப்பிட்டேன். குரலில் எதுவும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

"டிக்கெட் பாத்தேன். உனக்கு ஏசி போட்டிருக்கு, இல்ல?"

"ஓ. எந்த கிளாஸ் வேணும்னு கேட்டாரு. தேர்ட் ஏசி, லோயர்னு சொன்னேன்."

"கேட்ட உடனேயே சொல்லிட்டியா?"

"பின்ன? ஒரு மாசம் நோம்பிருந்து சொல்லணுமா? உனக்கிட்ட கேக்கலியா?"

அங்கேதான் இருக்கிறது விஷயம். என்னிடமும் கேட்டார்.

"தம்பி, ஸ்லீப்பரா, தேர்ட் ஏசியா? எது வசதி?" என்று மிகவும் தெளிவாகத்தான் கேட்டார். நானும் தெளிவாகத்தான் பதில் சொன்னேன்: "ஏசியெல்லாம் எதற்கு ஐயா? தமிழ்ப் பணிக்கு வருகிறவனுக்குத் தலை சாய்க்க ஓர் இடம் போதாதா? எளியவன் நான். ஸ்லீப்பர் போதும்."

ஏன் அப்படிச் சொன்னேன்? எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே தேவையில்லை. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.

கேரள எல்லையில் உள்ள எங்கள் பனச்சமூட்டில் யார் வீட்டுக்குப் போனாலும் உட்கார்ந்தவுடன் "சாயா எடுக்கட்டா?" என்று கேட்பார்கள். நீங்கள் "வேண்டாம், இப்பந்தான் குடிச்சிட்டு வாறேன்" என்று சொல்ல வேண்டும். நாக்கு வறண்டு கிடந்தாலும் சொல்ல வேண்டும். அவர்கள் இரண்டாவது முறை கேட்பார்கள். "சும்மா இரியுங்க, என்னத்துக்குச் சிரமம்?" என்று மறுக்க வேண்டும். மூன்றாவது முறை கேட்கும்போது, "அப்ப கொஞ்சமாட்டு எடுங்க" என்று இறங்கி வந்து, முழு டம்ளரையும் குடித்துவிட்டு எழுந்து வர வேண்டும். முதல் கேள்வியிலேயே "எடுங்க" என்று சொல்பவனைப் பற்றி, அவன் படியிறங்கியவுடன் பேச்சு எழும்.

இதுதான் எங்கள் மரியாதை. இதுதான் என் வளர்ப்பு. செயலாளரிடம் நான் சொன்னது முதல் 'வேண்டாம்'. அவர் என்ன செய்திருக்க வேண்டும்? "அதெப்படித் தம்பி, ராத்திரி முழுக்க வரணுமே, ஏசியிலயே வாங்க" என்று வற்புறுத்தியிருக்க வேண்டும். நானும் இன்னொரு முறை மறுத்துவிட்டு, பிறகு அன்புக்குக் கட்டுப்பட்டிருப்பேன்.

அவர் சொன்னது: "சூப்பர் தம்பி. எளிமைன்னா இது. வெச்சிடறேன்."

அம்மாவிடம் சொன்னேன். அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அந்த மனுசன் ரெண்டாவது கேக்கலியா மக்கா?"

"இல்லம்மா."

"ஒரு தடவ கேட்டுட்டு விட்டுட்டாரா? கொள்ளாமே, நல்ல மரியாதை! வேண்டாம்னு சொன்னா ரெண்டாவது கேக்கணும்னு அவருக்கு ஆரும் சொல்லிக் குடுக்கலியா?"

"அவரு சென்னைக்காரரும்மா."

"எந்த ஊரானா என்ன, மனுசனுக்கு நாக்கு ஒண்ணு தானே?" என்றவள், சற்று யோசித்துவிட்டுக் கேட்டாள். "அந்தப் பிள்ள பெனிட்டா எத்தன தடவ வேண்டாம்னு சொன்னா?"

"ஒரு தடவ கூடச் சொல்லல்ல."

அம்மா மறுபடி மரச்சீனியை வெட்டத் தொடங்கினாள். "அவ பொழைச்சுக்கிடுவா" என்றாள். எந்தத் தாய் மகனிடம் இப்படிச் சொல்வாள்?

அன்று மாலையே நான் ஒரு காரியம் செய்தேன். தோற்றவன் கொள்கை பேசுவது உலக வழக்கம்தானே? நண்பர்கள் கூடியிருந்த இடத்தில், நெடும்பயணத்துக்கு ஸ்லீப்பர் வகுப்பே உயர்ந்தது என்று இருபது நிமிடம் முழங்கினேன். ஏசியின் உலர்ந்த குளிர் பேச்சாளனின் தொண்டைக்குப் பகை என்றேன். திறக்க முடியாத கண்ணாடி வழியே நாட்டைப் பார்ப்பவன் தொலைக்காட்சி பார்ப்பவனே அன்றிப் பயணி அல்லன் என்றேன். கைதட்டினார்கள். அவர்களில் ஒருவன் மட்டும், "எலே, அப்ப திரும்பி வரப்பவும் ஸ்லீப்பர் தானே?" என்று கேட்டான். அவனிடம் நான் மணி என்ன என்று கேட்டேன்.

பயண நாள் வந்தது. பாறசாலை நிலையத்தில் ரயில் நிற்பது ஓரிரு நிமிடம்தான். பெட்டி வந்து நிற்கும் இடத்தைத் தெரிந்து நிற்பவனே ஏறுவான். பெனிட்டா ஒரு தோள்பையோடு நின்றாள். என் கையிலோ ஒரு போர்வை, காற்றூதும் தலையணை, இரண்டு தண்ணீர்ப் பாட்டில், அம்மா கொடுத்த மட்டி வாழைப்பழக் குலையில் பாதி. "நீ என்ன, வீடு மாறிப் போறியா?" என்று கேட்டுவிட்டு அவள் முன்பக்கம் நடந்தாள். தானாகத் திறந்து தானாக மூடும் அந்தக் கதவு அவளை உள்ளே வாங்கிக்கொண்டது. கதவுக்குக்கூட என்னைத் தெரியவில்லை.

எஸ்-7. எனக்குக் கீழே லோயர் பெர்த்தில் கோட்டுகாலைச் சேர்ந்த லில்லி அக்கா. நெய்யாற்றின்கரையில் ஏறியவர், தாம்பரத்தில் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போகிறார். எதிரே அம்பூரியில் ரப்பர் வைத்திருக்கும் தாசையன் அண்ணன். என்னோடு பாறசாலையில் ஏறியவர். மிடில் பெர்த் என்பது என்ன? கீழே இருப்பவர் படுக்கச் சம்மதிக்கும் வரை அது வெறும் சாய்மானப் பலகை. அதுவரை அடுத்தவர் இருக்கையில் ஒட்டி உட்காரும் விருந்தாளி நான். அங்கே பி-2 லோயர் பெர்த்தில் ஒருத்தி கால் நீட்டியிருப்பாள்...

குழித்துறை தாண்டியதும் பயிற்சியைத் தொடங்கினேன். தலைமை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அவளைவிட நன்றாகப் பேசிவிட வேண்டும். கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய, ஒவ்வொரு பத்தியாக ஓட்டிப் பார்த்தேன்.

"மோனே, ஜெபிக்கியா?" என்றார் லில்லி அக்கா.

"இல்ல அக்கா. நாளைக்குச் சென்னையில ஒரு பட்டிமன்றம். பேசிப் பாக்கேன்."

"பட்டிமன்றமா! அப்ப வாய் தொறந்து சொல்லு, நாங்களும் கேப்போம்."

"வேண்டாம் அக்கா. உங்களுக்கு என்னத்துக்குச் சிரமம்?"

"ஒரு சிரமமும் இல்ல. சொல்லு."

"இல்லக்கா, தொண்டை வேற..."

"தொண்டைக்கு வெந்நீரு நான் தாறேன். எழும்பி நில்லு மோனே!"

பார்த்தீர்களா? மூன்று முறை. எழுந்து நின்றேன். செயலாளர் மட்டும் கோட்டுகாலில் பிறந்திருந்தால் நான் இந்நேரம் எங்கே இருந்திருப்பேன்!

பேசினேன். மெய்யாகவே நன்றாகப் பேசினேன். அடுத்த தடுப்பிலிருந்து நான்கு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஆரல்வாய்மொழிக் காற்று சன்னல் வழியே பாய்ந்து வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தது. அதையும் மீறி நின்றது என் குரல். 'தன்னம்பிக்கை என்பது எரிமலை!' என்று முடித்தேன். பிறகு தாசையன் அண்ணன் வாய் திறந்தார்.

"மொழி நல்ல மொழி ஆக்கும். ஆனா ஒரு காரியம் சொல்லட்டா தம்பி?"

"சொல்லுங்க அண்ணே."

"இடையில மூச்சு விடணும். எங்களுக்கு மூச்சு முட்டுது."

எல்லோரும் சிரித்தார்கள். லில்லி அக்கா மட்டும், "அது சாரமில்ல, பரவாயில்ல; பிள்ளைக்கு நல்ல சத்தம் உண்டு" என்று ஆறுதல் சொன்னார். ஒரு பேச்சாளனைச் 'சத்தம் உண்டு' என்று பாராட்டுவது எப்படிப்பட்ட பாராட்டு என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

சரியாக அந்த நேரத்தில் பெனிட்டா வந்தாள். பி-2-விலிருந்து பெட்டி பெட்டியாக நடந்தே வந்திருக்கிறாள். துப்பட்டாவைக் காதோடு சேர்த்துச் சுற்றியிருந்தாள்.

"அங்க உக்கார முடியல்ல. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. எல்லாரும் காதுல எதையோ சொருகிட்டுப் படுத்தாச்சு, இன்னும் இருட்டவே இல்ல. ஒரு மனுசன் மூஞ்சி பாக்கல்ல" என்றாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள். எட்டுப் பேர், திறந்த சன்னல், நடுவில் மட்டிப்பழம். "நீ யோகக்காரன் ஆக்கும்" என்றாள்.

என் காதில் அது தேனாகப் பாய்ந்தது. ஆனால் அதை முழுதாகச் சுவைக்க லில்லி அக்கா விடவில்லை.

"நீயும் பேசுவியா பிள்ளே?"

"ஓ, பேசுவேனே!"

ஒரே கேள்வி. ஒரே பதில். உட்கார்ந்த இடத்திலேயே, கையில் பாதி உரித்த பழத்தோடு தொடங்கினாள்.

"எங்க அம்மா அம்பது வயசுல ஸ்கூட்டி ஓட்டப் படிச்சா. மொத நாள் சந்தையில மீன்காரரு கூடையில கொண்டு ஏத்திட்டா. ஊரு முழுக்கச் சிரிப்பு. ரெண்டாம் நாளும் வண்டிய எடுத்தா. அதே மீன்காரருக்க முன்னால போய் நிறுத்திட்டு, 'அண்ணா, கூடைய கொஞ்சம் தள்ளி வையும், நான் வாறேன்'னு சொன்னா. இது தன்னம்பிக்கையா, தற்பெருமையா? நீங்களே சொல்லுங்க."

அவ்வளவுதான்! எஸ்-7 இரண்டாகப் பிளந்தது. "தன்னம்பிக்கை" என்றார் லில்லி அக்கா. "மீன்காரன்கிட்ட கேட்டுப் பாருங்க, திமிருன்னு சொல்லுவான்" என்றார் தாசையன் அண்ணன். சைடு பெர்த்தில் அதுவரை உறங்கியவர் எழுந்து மீன்காரருக்காக வாதாடினார். மசால்வடை விற்றுக்கொண்டு வந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டார். அதே வடைக்காரர் என் பேச்சின்போது இரண்டு முறை கடந்து போனவர். ஒரு முறை என்னை நகரச் சொன்னவர்.

அந்த வடை வாளியைப் பார்த்துக்கொண்டே நான் உட்கார்ந்திருந்தேன். அவளிடம் ஏசியும் இருந்தது. இப்போது என் ஸ்லீப்பரையும் எடுத்துக்கொண்டாள். இதற்குப் பொறாமை என்று பெயர் என்றால், ஆம், பொறாமைதான்.

மறுநாள் சென்னை. மன்றத்தின் அலுவலக அறையில் செயலாளர் எங்களை உட்கார வைத்தார். நல்ல மனிதர். மற்ற ஐந்து ஊர்களுக்கான சுவரொட்டி அச்சுக்குப் போக வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"ரெண்டு பேருமே நல்ல பேச்சாளருங்க. தலைமை யாருன்னு நான் இன்னும் முடிவு பண்ணல. தம்பி, நீங்க எடுத்துக்கறீங்களா?"

என்னிடம்தான் கேட்டார். முதலில் என்னிடம்தான்! ஏசிக்கும் தலைமைக்கும் ஒரு தொடர்பும் இருந்ததில்லை. வெறும் டிக்கெட்டைப் பார்த்து ஒரு வாரம் வெந்தவன் நான். ஐந்து ஊர்களின் சுவர்களில் என் பெயர் பெரிய எழுத்தில் ஒட்டப்படுவதைக் கண்ணால் கண்டேன். வாயைத் திறந்தேன்.

"பதவி எதற்கு ஐயா? பெனிட்டாவே இருக்கட்டும்."

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. இருபத்து நான்கு ஆண்டு வளர்ப்பு! நாக்கு என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. 'அதெப்படித் தம்பி?' என்ற இரண்டாவது கேள்விக்காகச் செயலாளரின் முகத்தைப் பார்த்தேன். அவர் நெகிழ்ந்துபோயிருந்தார். "பெரிய மனசு தம்பி" என்றார்.

அப்போது பெனிட்டா என் பக்கம் திரும்பினாள்.

"உள்ளதைத்தான் சொல்லுதியா அஜி? உனக்கு வேண்டாமா?"

என் நெஞ்சு குளிர்ந்தது. எங்கள் ஊர்க்காரி! இரண்டாவது கேள்வியைக் கேட்டுவிட்டாள். முறைப்படி நானும் இரண்டாவது முறை மறுத்தேன். "அட, நீயே இரு. எனக்கென்ன?" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது கேள்விக்காகச் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அப்ப சரி சார், நானே இருக்கேன்" என்றாள்.

வெளியே வந்து படிக்கட்டில் அவளை மறித்தேன்.

"ரெண்டு தடவ கேட்டாச்சு. மூணாவதும் கேக்கணும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பின்ன?"

"அதனாலதான் கேக்கல்ல" என்றாள். சிரிக்கக்கூட இல்லை. "எனக்கு அது வேணும் அஜி. உனக்கும் வேணும்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கணும். மேடையில சிங்கம் மாதிரி கத்துத. ஒரு நாக்காலியில உக்காந்து 'எனக்கு வேணும்'னு சொல்ல ஒனக்குச் சத்தம் வரல்ல."

மறுமொழி? அரை நிமிடமல்ல, இதோ இந்தப் பத்தியை எழுதும் நேரம் வரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

பட்டிமன்றம் நடந்தது. அந்த மீன்காரர் கதைக்கு அரங்கம் அதிர்ந்தது. எதிரணிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்ன நடுவர், இளைஞரின் தற்பெருமைக்கு யாருடைய பேச்சைச் சான்றாகக் காட்டினார் என்பதை எழுத இங்கே இடம் போதாது.

நிகழ்ச்சி முடிந்ததும் செயலாளர் வந்தார். "திரும்பிப் போக டிக்கெட் போடணும். தம்பி, உங்களுக்கு..."

"தேர்ட் ஏசி!" என்றேன். அவர் கேள்வியை முடிக்கவே இல்லை. வாழ்க்கையில் முதன்முறையாக, முதல் கேள்விக்கே!

"சரி. உங்களுக்கு எதும்மா?"

"எனக்கு ஸ்லீப்பரே போதும் சார். அங்கதான் ஆளுங்க உண்டு" என்றாள் பெனிட்டா.

ஆக, பி-4, லோயர் பெர்த். வெளுத்த விரிப்பு, கம்பளி, தலையணை, என்னைக் கண்டதும் திறந்த கதவு. நான் வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது. தாம்பரம் தாண்டுவதற்குள் எதிர் பெர்த் காதில் ஒயரைச் செருகிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டது. கைபேசியில் பெனிட்டாவிடமிருந்து ஒரு படம் வந்தது: எஸ்-5, ஒரு பெர்த்தில் ஐந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து, எல்லோர் வாயும் ஒரே நேரத்தில் திறந்திருக்கிறது. கீழே எழுதியிருந்தாள்: 'இங்க கூட்டம் கொள்ளாம், நல்ல ரசம். உனக்கு அங்க சுகமா?'

கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு நான் பொறாமைப்பட்டேன். போகும்போது ஏசியைப் பார்த்து... வரும்போது ஸ்லீப்பரைப் பார்த்து.

பக்கத்து பெர்த்தில் இருந்த பெரியவர் ஒருவர் மட்டும், உறங்கும் முன் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை என் பக்கம் நீட்டினார். "எடுத்துக்கோங்க தம்பி."

"வேண்டாம் சார், இப்பதான் சாப்பிட்டேன்."

அவர் தலையசைத்துவிட்டுப் பாக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். விளக்கையும் அணைத்தார்.

கிரீம் பிஸ்கட்!